நுவரெலியாவுக்குப் போன நாமக்கல் தாள்

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் இப்போது பார்க்கிறவர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலையில் வணக்கம் சொல்லும் பூப்படம், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படம், அவ்வளவுதான் அதில் நடக்கும். ஓய்வு பெற்ற மூன்று வருடங்களில் நான் அதில் வாய் திறந்ததே குறைவு. போன மாதம் டாக்டர் கவிதா அதில் ஒரு கேள்வி போட்டார். கால்நடை மருத்துவர், நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர்.

"அடுத்த மாசம் இலங்கைக்குப் போறேனுங்க. அங்க கிளைமேட் எப்படி இருக்குமுங்க?"

பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. ஒருவர் நம்ம ஊராட்டமேதான் என்றார். இன்னொருவர் குடை இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது என்றார். மூன்றாமவர் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்காமவர் ஸ்வெட்டரா, அங்கே பனியனே பாரம் என்று சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். நால்வரும் இலங்கையில் வேலை பார்த்தவர்கள்தான். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

நான், "எந்த இலங்கைக்குங்க?" என்று மட்டும் போட்டேன். விவரமாக எழுதுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். கட்டைவிரலால் இவ்வளவு நீளம் அடிக்க என்னால் முடியாது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். என் பேத்தி தட்டச்சு செய்து போடுவாள்.

எனக்கு ஊர் மோகனூர்ப் பக்கம். படிப்பு பாதியில் நின்றதும் பரமத்தி ரோட்டில் ஒரு முட்டைப் பண்ணையில் தீவனம் அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து சூப்பர்வைசர், அங்கிருந்து நாமக்கல் கம்பெனி. தீவனத்தில் கலக்கும் சத்துப் பொடியும் கோழிக் கூண்டும் விற்கிற கம்பெனி. பொடி வாங்கிய பண்ணைகளுக்குப் போய்க் கோழியைப் பார்த்து யோசனை சொல்வது என் வேலை. ஒரு ஷெட்டுக்குள் போனால் முதல் ஐந்து நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் சும்மா நிற்க வேண்டும். கோழி நம்மை மறக்க வேண்டும். மறந்த பிறகு அது போடுகிற சத்தம்தான் உண்மையான சத்தம். அதற்குப் பிறகு எச்சம், தீவனத் தொட்டி, தண்ணீர், எடை. பண்ணைக்காரர் சொல்வதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். இந்த வரிசையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருடம் ஆனது. இங்கே ஆறு வரியில் முடித்துவிட்டேன்.

என் மேலதிகாரி கந்தப்பன் சார். ஜெனரல் மேனேஜர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டமாட்டார். நாம் போய் நின்று ஏதாவது சொன்னால், சர்க்கரை போடாத டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "திருப்பிச் சொல்லுங்க" என்பார். காது நன்றாகத்தான் கேட்கும். நாம் சொன்னது நமக்கே கேட்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். இரண்டாவது தடவை சொல்லும்போது நம் வாய் கொஞ்சம் தடுமாறும். மூன்றாவது தடவையில் உண்மை வந்துவிடும். வந்தபிறகுதான், "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டுவார். முதல் தடவையிலேயே உட்கார்ந்தவர் எங்கள் கம்பெனியில் கேஷியர் ஒருவர்தான்.

ஒரு தடவை ராசிபுரத்துப் பக்கம் ஒரு பண்ணையில் முட்டை ஓடு மெலிந்துபோய் உடைந்துகொண்டிருந்தது. "கோழிக்கு வயசாயிருச்சுங்க சார்" என்றேன். "திருப்பிச் சொல்லுங்க." "வயசு கொஞ்சம் ஆயிருச்சாட்டம் இருக்குதுங்க." "திருப்பிச் சொல்லுங்க." "ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூள் போடச் சொல்ல நான் மறந்துட்டனுங்க." "உக்காருங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வெளியே வரும்போது அடி வாங்கியது போலவும் இருக்கும், குளித்துவிட்டு வந்தது போலவும் இருக்கும்.

இப்போது தாளுக்கு வருகிறேன்.

நாமக்கல் சித்திரை வெயிலைப் பற்றி நாமக்கல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகரக் கூரைக்குக் கீழே கோழி வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு, மூச்சு வாங்கும். அதற்காக ஒரு கோடையில் நான் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். 'கோடைப் பராமரிப்பு: பத்து விதிகள்'. கூரை மேல் தென்னை ஓலை போட்டு உச்சி வேளையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நனைத்த சாக்கால் சுற்றி வைக்க வேண்டும். பதினோரு மணிக்கே தீவனத்தை எடுத்துவிட்டு நாலு மணிக்கு மேல்தான் மறுபடி வைக்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் தின்றால் உடம்பு இன்னும் சூடேறும். பக்கவாட்டில் படுதா எதுவும் கூடாது, காற்று தாராளமாக வர வேண்டும். இப்படிப் பத்து.

ஏன் பத்து என்றால், எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்களிடம் பத்து சொன்னால் நாலு செய்வார்கள். மீதி ஆறுக்கு வாதம் செய்வார்கள். நாலு செய்தாலே கோழி பிழைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியும் என்பது தாளில் எழுதியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் இலங்கையில் எங்கள் பொடிக்கு ஏஜெண்டாக இருந்தவர் நிஜாம் பாய். கொழும்புக்காரர். நாமக்கல் வந்தபோது தாளைப் பார்த்துவிட்டு, தமிழ் தெரிந்த பண்ணைக்காரர்களுக்குக் கொடுக்க முந்நூறு வேண்டும் என்றார். பார்த்தவர், தலைப்பில் விரலை வைத்தார். என்னை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்று அர்த்தம்.

"கோடைண்டு போட்டீக்கிறீங்களே நானா. எங்கட நாட்டுல கோடை ஏது? கொழும்புல வருஷம் பூரா ஒரே வெயில்தான். தை மாசமும் வேர்க்கும், ஆடி மாசமும் வேர்க்கும்."

அவர் சொன்னது கொழும்புக்கு நூற்றுக்கு நூறு சரி. நான் பேனாவை எடுத்து 'கோடை' என்ற சொல்லை அடித்தேன். அதற்குப் பதில் 'கோழிப் பராமரிப்பு: எல்லாக் காலத்துக்கும் பத்து விதிகள்' என்று எழுதினேன். அச்சுக்குப் போனது. கீழே என் பெயரும் இருந்தது. நல்லசாமி, நாமக்கல். அப்போது அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அடுத்த வருடம் கம்பெனி என்னை அங்கே அனுப்பியது. பெட்டியில் நாலு பருத்திச் சட்டை, நாலு வேட்டி. வரைபடத்தில் பார்த்தால் மாம்பழம் அளவுக்கு ஒரு தீவு. இதில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதலில் மேற்குக் கரை. சிலாபம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குள் பண்ணைகள். அங்கே துவைத்துப் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருந்தது. உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். மனிதர்கள் குடையை உடம்பின் இன்னொரு கை போல வைத்துக்கொண்டு நடந்தார்கள். மழை வந்தால் யாரும் ஓடுவதில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலில் வந்து நின்று பார்ப்போம். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளில் சொன்னபடி கூரையில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்த ஒருவர், "ஐயா, வானமே தெளிக்குது, நாங்க வேற தெளிக்கணுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அங்கேயே யோசித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு யாழ்ப்பாணம். ரயிலை விட்டு இறங்கியதும் எனக்கு எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. காய்ந்த காற்று, பனைமரம், செம்மண், வெயில். வேட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. அங்கே சனங்கள் விடிவதற்குள் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடித்துவிட்டு, உச்சி வெயிலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் பண்ணை வைத்திருந்தார். பனங்கட்டியை, நம்ம ஊர்க் கருப்பட்டியை, கடித்துக்கொண்டு பால் இல்லாத டீ குடிக்கக் கொடுத்தார். என் தாளை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உந்தத் தாளை ஆர் எழுதினது? நீர்தானோ?"

"ஆமாங்க, நான்தானுங்க."

"விசயம் நல்ல விசயம். என்ரை கோழி ஒண்டும் இந்தக் கோடையிலை சாகேல்லை. ஆனால் மூண்டு எழுத்துப் பிழை கிடக்கு. 'தெளிக்கவும்' எண்டதிலை 'ளி'க்குப் பதிலா 'லி' போட்டிருக்கு. இஞ்சை பாரும்."

சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கோழி சாகவில்லை என்றாரே, அதுதான் காதில் இனித்தது. அந்த இனிப்போடு நுவரெலியாவுக்குக் கிளம்பினேன். நிஜாம் பாய் போன் பண்ணி, மலையில் புஷ்பராணி என்று ஒரு அம்மாவின் பண்ணையில் முட்டை விழுந்துவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

பஸ் மலை ஏற ஏற ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பக்கத்தில் இருந்தவர் பையிலிருந்து கம்பளித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஸ்வெட்டர். நான் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். காலையில் வேர்த்துக்கொண்டே ஏறியவன் சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

புஷ்பராணிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, அறுநூறு கோழி வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவர் சிவலிங்கம் சாதுவான மனிதர். அந்த அம்மா சொல்வதைச் செய்வார், செய்ததைச் சொல்லமாட்டார்.

"வாங்கண்ணே. சேலத்துப் பக்கம்தானே நீங்க? எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் ஆத்தூர்ல இருந்து வந்தவங்கதான். அதான் ஒங்க தாளு வந்ததும் சந்தோசமாப் போச்சு. நம்ம ஜில்லா எழுத்து."

கோழி நிலைமை மோசம். நாளுக்கு ஐந்நூற்றுக்கு மேல் முட்டை வந்த இடத்தில் இருநூறு வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை இறைச்சிக்காரர் லாரியோடு வருவதாக இருந்தது. அத்தனை கோழியையும் கொடுத்துவிடுவது என்று புஷ்பராணி முடிவு செய்திருந்தார். கொடுத்துவிட்டால் மறுபடி கொழுந்துக் கூடைதான்.

"நோவு என்னான்னு தெரியலண்ணே. எங் கையில ஏதோ கோளாறு போல" என்றார்.

நான் வாசலில் கையைக் கட்டி நின்றேன். கோழிகள் சத்தமே போடவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகைப் பந்து போல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எச்சம் சுத்தமாக இருந்தது. முப்பது கோழியை எடை போட்டேன், எல்லாம் இளைத்திருந்தன. சளி இல்லை, புழு இல்லை. எனக்குத் தெரிந்த நோய்களையெல்லாம் ஒவ்வொன்றாக விரல்விட்டு நீக்கிக்கொண்டே வந்தேன். விரல்தான் மிஞ்சியது.

ஒன்றும் பிடிபடாதபோது செய்வதற்கு ஒரே வேலைதான் உண்டு. ஒரு நாள் பூராவும் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சிவலிங்கத்தின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஷெட்டு மூலையில் உட்கார்ந்தேன். பதினோரு மணி வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பதினோரு மணி அடித்ததும் புஷ்பராணி வந்து தொட்டியில் இருந்த தீவனத்தைத் திரும்ப அள்ளினார். எனக்கு என்னமோ போல் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. எதிரில் இருந்த மலை காணாமல் போனது, பிறகு வேலி காணாமல் போனது. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து சிவலிங்கம் வந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், கையில் ஒரு வாளி. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தது. வாளித் தண்ணீரை அந்தச் சாக்கின் மேல் பொறுமையாக, ஒரு இடம் விடாமல் ஊற்றினார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"ஆறாவது வரிங்க" என்றார்.

ஊற்றி முடித்துவிட்டு ஏணியை எடுத்தார். கூரைக்குத் தண்ணீர் தெளிக்க. அது ஏழாவது வரி.

நான் எழுந்து தீவன அறைக்குப் போனேன். சுவரில் என் தாள் தொங்கியது. கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். மேலே குங்குமப் பொட்டு. 'எல்லாக் காலத்துக்கும்' என்ற சொல்லுக்கு நேர் மேலே பொட்டு. கீழே, நல்லசாமி, நாமக்கல்.

பத்து விதியையும் செய்திருக்கிறார்கள். ஒன்று விடாமல், ஒரு நாள் விடாமல். எங்கள் ஊரில் எந்த மகாராசனும் செய்யாத காரியம். குளிரில் கோழிக்கு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே தீவனம் கூடுதலாக வேண்டும். இங்கே பாதி நாள் பட்டினி. ஊற்றுத் தண்ணீர் ஏற்கனவே பனிக்கட்டிபோல. அதை இன்னும் ஈரச் சாக்கு சுற்றிக் குளிரவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கோழி அதைக் குடிக்கவில்லை. குடிக்காத கோழி தின்னாது, தின்னாத கோழி முட்டையிடாது. பக்கத்தில் படுதா இல்லாததால் பனிமூட்டம் ஷெட்டுக்குள் நேராக வந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது நான் செய்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. புஷ்பராணியிடம் போய், "இந்தப் பருவத்துக்குக் கொஞ்சம் மாத்திக்கலாமுங்க" என்றேன். தீவனத்தை நாள் முழுக்க வைக்கச் சொன்னேன். தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கச் சொன்னேன். காற்று வருகிற பக்கம் உரச்சாக்குகளைத் தைத்துப் படுதாவாகக் கட்டினோம். தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா மறுபேச்சு இல்லாமல் செய்தார். "ஒங்களுக்குத் தெரியாததாண்ணே" என்றார். அது வேறு குத்தியது.

வியாழக்கிழமை ரோட்டு மேட்டில் ஏறி நின்று கந்தப்பன் சாருக்குப் போன் போட்டேன்.

"கோழிக்கு என்னங்க?"

"குளிருங்க சார். குளிர் தாங்கலீங்க."

"திருப்பிச் சொல்லுங்க."

கடல் தாண்டி இருந்தாலும் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"குளிருக்குத் தகுந்தாப்புல அவங்க பராமரிக்கலீங்க."

"திருப்பிச் சொல்லுங்க."

கீழே தேயிலைச் சரிவில் பெண்கள் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குப் பிறகு அந்த வரிசையில் இன்னொருவர் சேர வேண்டியிருக்கும்.

"நம்ம தாள்ல இருக்கற மாதிரியே பராமரிச்சிருக்காங்க சார். கோடைங்கற வார்த்தைய நான்தான் அடிச்சனுங்க."

நாற்காலி அங்கே நாமக்கல்லில் இருந்தது, அதனால் உட்காருங்க என்று சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

"இதை அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

"எங்கிட்டச் சொன்னதாட்டமே சொல்லுங்க. மூணாவது தடவை சொன்னீங்களே, அதை முதல் தடவையா சொல்லுங்க." போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அடுப்படியில் புஷ்பராணி கோழிக்குத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய் முன்னால் வைத்து, அடித்த சொல் எது, ஏன் அடித்தேன், அதனால் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பானையில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நோவு இல்ல?"

"இல்லீங்க."

"எங் கையிலயும் கோளாறு இல்ல?"

"உங்க கையில ஒரு கோளாறும் இல்லீங்க. நான் எழுதினதை நீங்க ஒழுங்காப் பண்ணீங்க, அதானுங்க கோளாறு."

சிவலிங்கம் அப்போதுதான் வாளியோடு உள்ளே வந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்து, "கேட்டீங்களா, ஆறு மாசமா நீங்க ஊத்துன தண்ணிதான்" என்றார். அவர் வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். "எனக்கு அந்தத் தண்ணியத் தொடும்போதெல்லாம் தோணும்" என்றார். "தோணுச்சுன்னா சொல்றதுதானே?" என்று அந்த அம்மா கேட்டார். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு, "அச்சுல போட்டிருந்துச்சே" என்றார்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஆனால் நான் சொன்னதை அதற்குப் பிறகு ஒரே தடவையில் நம்பவும் இல்லை. "நாளைக்கு வாறவருக்கு நான் என்னா சொல்றது? கோழி மறுபடி முட்ட போடும்னு நீங்க சொல்றீங்க. தாள்லயும் நீங்கதானே சொன்னீங்க" என்றார். சொல்வதற்குப் பதில் செய்து காட்ட ஒரு வழி இருந்தது.

கோழியின் பின்புறம், முட்டை வெளிவரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு உண்டு. முட்டையிடும் கோழிக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல், சில சமயம் மூன்று விரல் வைக்கலாம். முட்டையை அடியோடு நிறுத்திவிட்ட கோழிக்கு ஒரு விரல்கூட நுழையாது. சனிக்கிழமை காலை இறைச்சிக்காரரின் லாரி வந்து நின்றபோது நாங்கள் மூவரும் ஷெட்டுக்குள் கோழி கோழியாகப் பிடித்து விரல் வைத்துக்கொண்டிருந்தோம். அன்றைய முட்டை, முந்தின நாளைவிட ஒன்பதுதான் கூடுதல். ஒன்பதை நம்பி யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

வந்தவர் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, அடுத்த வாரம் வந்தா வெயிட்டு இன்னும் கொறஞ்சிரும். இன்னைக்கே ஏத்திருவோம்."

புஷ்பராணி அடுத்த கோழியைப் பிடித்தார். நாற்பது, ஐம்பது என்று எண்ணிக்கொண்டே போனார். நான் சொன்ன எண்ணிக்கையில் நிறுத்தவில்லை. நான் எடுத்துக் கொடுத்த கோழிகளை ஒதுக்கிவிட்டு, தானே கூண்டு தேர்ந்தெடுத்துப் பிடித்தார். லாரிக்காரர் இரண்டு டீ குடித்து முடித்தார். கடைசியில் புஷ்பராணி நிமிர்ந்து, தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பத்துல எட்டுக்கு ரெண்டு வெரல் போகுது. நீங்க போய்ட்டு வாங்க தம்பி. இதுங்க இன்னும் முடிவு பண்ணல. நானும் பண்ணல."

லாரி வெறுமனே திரும்பியது. அடுத்த செவ்வாய்க்கிழமை முந்நூறு தாண்டியது. மூன்று வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டதாகப் பிறகு நிஜாம் பாய் சொன்னார். ஆனால் சனிக்கிழமை அன்று அது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

லாரி வளைவில் மறைந்ததும் புஷ்பராணி என் பக்கம் திரும்பினார். "இந்த மலையில இன்னும் ஆறு ஊட்டுக்கு ஒங்க தாளு போயிருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. எல்லாரும் ஊட்ல இருப்பாங்க. நானும் வாறேன். எங்கிட்டச் சொன்ன மாதிரியே ஒவ்வொரு ஊட்லயும் சொல்லிருங்க."

ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கினோம். மலையில் பக்கத்து வீடு என்றால் கீழே இறங்கி மறுபடி ஏறுவது என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கொதிக்கக் கொதிக்க இஞ்சி போட்ட பிளேன்டீ, அதாவது பால் சேர்க்காத டீ. அதைக் குடிக்காமல் பேச விடமாட்டார்கள். முதல் வீட்டில் ஒரு கிழவர் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். இரண்டாம் வீட்டில் தாளை லேமினேஷன் செய்து வைத்திருந்தார்கள். மூன்றாம் வீட்டு அம்மா ஐந்து நிமிடம் நிறுத்தாமல் திட்டினார். திட்டி முடித்ததும் இன்னொரு டீ வந்தது. நாலாம் வீட்டில் தாளில் பாதிதான் செய்ததாகவும், மீதியைச் செய்யாத குற்ற உணர்ச்சியில் இருந்ததாகவும் சொன்னார்கள். அவர்களுக்கு நான் வந்ததில் பெரிய நிம்மதி. ஐந்தாம் வீட்டுக்குள் எனக்கு வாக்கியம் மனப்பாடம் ஆகிவிட்டது. டீ கழுத்து வரை நின்றது.

ஆறாவது வீடு எல்லாவற்றுக்கும் மேலே, பைன் மரங்களுக்குப் பக்கத்தில். ஜோசப் என்று ஒருவர், தனி ஆள். இருநூறு கோழி. ஷெட்டுக்குள் போனதும் நான் நின்றுவிட்டேன். கையைக் கட்டவே தேவைப்படவில்லை. கோழிகள் கல்யாண வீட்டுப் பந்தி போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. கொண்டை ஒவ்வொன்றும் ரத்தச் சிவப்பு. தண்ணீர்த் தொட்டி அடுப்படிச் சுவரை ஒட்டி இருந்தது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கவாட்டில் தடிப்பான படுதா. தொட்டி நிறையத் தீவனம்.

நான் பாடம் ஒப்பிப்பது போல ஆரம்பித்தேன். "ஏனுங்க, போன வருசம் எங்க கம்பெனியில இருந்து உங்களுக்கு ஒரு தாள் வந்திருக்குமுங்க. அதுல ஒரு தப்பு..."

"பெருசா, வழவழன்னு ஒரு தாளு. அதானேங்க?"

"அதேதானுங்க. அதுல எழுதியிருந்தது..."

"படிக்கலீங்களே" என்றார். "அன்னைக்கு வெறகு எல்லாம் ஈரம். அடுப்புப் பத்த வெச்சேன். நல்ல தாளுங்க, டக்குன்னு புடிச்சிக்கிச்சு. இன்னும் இருந்தா குடுங்க."

புஷ்பராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். வெளியே இருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஜோசப்புக்கு ஏன் என்று விளங்கவில்லை. எங்களுக்கு டீ போடப் போனார்.

திங்கட்கிழமை காலை மேட்டில் ஏறிக் கந்தப்பன் சாருக்குப் போன் போட்டேன். இனி இலங்கைக்கு ஒரு தாள் போதாது, கரைக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று மூன்று எழுத வேண்டும் என்றேன். சரி என்றார். ஆறு வீட்டுக் கதையையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் ஜோசப்புக்கு வந்தேன்.

"ஒருத்தரு தாளைப் படிக்கவேயில்லீங்க சார். அடுப்புல போட்டு எரிச்சுட்டாருங்க."

"அவரு முட்டை எப்படி?"

"மலையிலயே அவருதானுங்க முதல்."

டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. திருப்பிச் சொல்லுங்க என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"மலைக்கு எழுதற தாளை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னால அவருகிட்ட ஒண்ணு குடுங்க" என்றார். "அவரு எரிக்காம வெச்சிருந்தா மத்தவங்களுக்கு அச்சடிக்கலாம்."